விளக்குக் கம்பத்தடியில் விழுந்த நார்த்தங்காய்

தியாகராய நகர்
2-9-1946

தம்பி கருணாகரனுக்கு,

'தம்பி' என்று எழுதக் கை கூசுகிறது. இத்தனை வருஷப் பழக்கத்துக்காக எழுதித் தொலைக்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நானும் என் சம்சாரம் தங்கமும் என் மகன் நெல்லையப்பனுக்கு உம் மகள் சண்முகவடிவைப் பேசி முடிக்க உம் வீட்டுக்கு வந்தோம். வெற்றிலை பாக்கு மாற்றினோம். புடவை, தேங்காய், பழம் வைத்த தாம்பாளத்தை உம் சம்சாரம் கையில் கொடுத்தோம். நாலரைக்கு ராகுகாலம் பிறக்கிறது, சுபகாரியம் பேசியவர்கள் அதற்குமுன் வாசல் தாண்ட வேண்டும் என்று எழுந்தோம். எங்கள் கார் வந்து சேரவில்லை. வராவிட்டால் என்ன, தெருவில் நிற்கலாம் என்று படியிறங்கி நின்றோம். நல்ல நேரம் பார்த்து நின்றவன் தலையில் என்ன வந்து விழுந்தது? உம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஒரு உப்பு நார்த்தங்காய்!

துண்டு இல்லை வே, முழுக்காய். நாலாகக் கீறி உப்பு அடைத்த காய். உச்சந்தலையில் விழுந்து பிளந்து, உப்புத்தண்ணீர் இரண்டு கண்ணிலும் இறங்கியது. மூக்குக்கண்ணாடி தெருவில் தெறித்துக் கிடந்தது. கண் தெரியாமல் நான் தங்கத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், உம் எதிர்க்கடைத் தையல்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

"விழுந்துட்டு அண்ணாச்சி, தானா விழுந்துட்டு" என்று நீர் ஓடிவந்து என் தலையைத் துடைத்தீர். துடைத்த துண்டிலும் நார்த்தங்காய் வாடை. அது விழுந்த காய் இல்லை. எறிந்த காய். அந்த நேரம் மாடியில் யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நீரே கேட்டுக்கொள்ளும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். புரட்டாசி பிறக்குமுன் உம் மகள் இங்கே வந்து என் காலிலும் தங்கத்தின் காலிலும் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். காலேஜுக்கு அன்றோடு முழுக்குப் போட வேண்டும். இல்லாவிட்டால் இந்தச் சம்பந்தம் கிடையாது. அதோடு போகாது. மதராசில் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் என் நகைக்கடைப் படி ஏறுகிறவர்கள்தான். உம் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போகிறவன் தலையில் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு போகட்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுவேன்.

வெ. சண்முகசுந்தரம்


மயிலாப்பூர்
4-9-1946

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்குக் கருணாகரன் அநேக நமஸ்காரம்.

உங்கள் கடுதாசி வந்தபோது என் ஜவுளிக்கடையில் கண்ட்ரோல் விலை வேட்டிக்கு வரிசை நின்றது. ஒரு கையில் கடுதாசி, ஒரு கையில் கத்தரிக்கோல். படித்துக்கொண்டே வெட்டியதில் ஒருவருடைய வேட்டி துண்டாகிவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையை உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் அன்றைக்கு அப்படித்தான் பார்த்தீர்கள், ஒரு கண்ணைத் திறக்க முடிந்த மட்டும்.

அண்ணாச்சி, கண் எரிச்சல் தணிந்ததா? விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடச் சொல்லுகிறாள் மீனாட்சி. இரண்டு நாளாக அவள் சாப்பிடவில்லை. எனக்கும் சாப்பாடு போடவில்லை, அது வேறு விஷயம்.

நடந்தது இதுதான். மீனாட்சி நார்த்தங்காய்க்கு உப்பு அடைத்து முறத்தில் பரப்பி, மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் காயவைத்திருந்தாள். தரையில் வைத்தால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுகிறது என்று சுவர்மேல் வைத்தாள். வைக்கக் கூடாது. நானும் எத்தனையோ தடவை சொல்ல நினைத்திருக்கிறேன், சொன்னதில்லை. நீங்கள் கீழே இறங்கியதும் வடிவு அந்த முறத்தை எடுத்து வைக்கத்தான் மாடிக்குப் போனாள். அதற்குள் காற்று தள்ளியதோ, காக்கா தட்டியதோ, ஒரு காய் விழுந்துவிட்டது. அதிலும் அது இருப்பதிலேயே பெரிய காய். கனமான சாமான் வேகமாக விழும், லேசான சாமான் மெதுவாக விழும் என்பது தேர்டு பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே தெரியும். ஆகையால்தான் நீங்கள் அண்ணாந்து பார்த்து விலகுவதற்குள் வந்துவிட்டது. சின்னக் காயாக இருந்தால் ஆடி அசைந்து வந்திருக்கும், நீங்களும் தப்பித்திருப்பீர்கள். எல்லாம் கனத்தின் குற்றம்.

சரி. வேடிக்கையை விடுகிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகும் பெண் காலேஜுக்குப் போகலாம், மார்ச்சில் பி.எஸ்ஸி. பரீட்சை எழுதி முடிக்கலாம் என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, மீனாட்சி காதுபடச் சொன்னீர்கள். அந்த ஒரு வாக்குக்காகத்தான் வடிவு இந்தக் கல்யாணத்துக்குத் தலையாட்டினாள். மாப்பிள்ளையின் நிறம், உயரம், நகைக்கடை எதையும் அவள் கேட்கவில்லை. நார்த்தங்காய் விழுந்ததற்குக் காலேஜ் என்ன செய்யும்? எனக்குத் தண்டனை கொடுங்கள். நான் வந்து விழுகிறேன். எனக்கு முதுகுப் பிடிப்பு, எழுந்திருக்க மட்டும் நெல்லையப்பன் கை கொடுத்தால் போதும்.

தங்கள் அன்புள்ள
கருணாகரன்


தியாகராய நகர்
6-9-1946

கருணாகரனுக்கு,

உம் கோமாளித்தனத்தை வேட்டி வாங்க வருகிறவர்களிடம் வைத்துக்கொள்ளும்.

காற்றாம்! உம் வீடு கிழக்குப் பார்த்த வீடு. சாயங்காலம் கடல்காற்று கிழக்கே இருந்து வந்து உம் வீட்டு முகத்தில்தான் அடிக்கிறது. என் அங்கவஸ்திரம் தோளில் நிற்காமல் உம் வாசலைப் பார்த்தே பறந்தது, நீரும் பார்த்தீர். அந்தக் காற்று காயைத் தள்ளியிருந்தால் உம் மாடிக்குள்ளேதான் தள்ளியிருக்கும். தெருவுக்கு எப்படி வரும்?

நான் நின்ற இடமாவது ஞாபகம் இருக்கிறதா? உம் சுவரோரம் நிற்கவில்லை. சாக்கடை தாண்டி, தெருவும் பாதி தாண்டி, கார்ப்பரேஷன் விளக்குக் கம்பத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உம் வீட்டைப் பார்த்து நின்றேன். தானாக விழுந்த காய் நடந்தா வந்தது? காக்கா கொண்டுவந்தது என்றால், உப்பு அடைத்த முழு நார்த்தங்காயைத் தூக்கிக்கொண்டு பறக்கிற காக்காயைப் பிடித்து மிருகக்காட்சி சாலைக்குக் கொடும். ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்.

வந்த வேகம் எனக்குத் தெரியும். என் மண்டைக்குத் தெரியும். சும்மா விழுகிற சாமானுக்கு அந்த வேகம் கிடையாது.

ஒரே பேச்சு. உம் மாடிச் சுவரிலிருந்து ஒரு காயாவது தானாக விழுந்து நான் நின்ற இடத்துக்கு வருமென்றால், நான் மயிலாப்பூர் வந்து உம்மிடம் மன்னிப்புக் கேட்கிறேன். படிப்பைப் பற்றி நான் சொன்னதும் சொன்னபடியே இருக்கட்டும். வராது என்றால் உம் பெண் வர வேண்டும். காலில் விழ வேண்டும். நீர் வந்து விழ வேண்டாம். உம்மைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

வெ. ச.


மயிலாப்பூர்
9-9-1946

அண்ணாச்சி அவர்களுக்கு,

பந்தயத்துக்கு நான் சம்மதம். நேற்று ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் நின்ற அதே நேரத்தில், அதே கடல்காற்றில் ஆரம்பித்துவிட்டேன். உள்ளது உள்ளபடி எழுதுகிறேன், ஒளிக்க மாட்டேன். ஒளிக்கவும் முடியாது, தெரு முழுக்கப் பார்த்தது.

முதலில் காய். சுவர் விளிம்பில் வைத்து, விரலால் மெல்லத் தட்டினேன். சுவரடியிலேயே போய்ச் சாக்கடையில் விழுந்தது. இன்னொன்று. அதே சாக்கடை. மூன்றாவது காயிடம் கொஞ்சம் கெஞ்சினேன். அதுவும் தன் கூட்டாளிகளிடமே போய்ச் சேர்ந்தது.

சரி, கனம் அதிகம், காற்று தூக்கவில்லை என்று என் துண்டை விட்டேன். துண்டு கீழே போகவே இல்லை. காற்று அதைப் பிரித்து, விரித்து, நம் வீட்டுப் பக்கமே திருப்பி, முதல் மாடி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டது. உள்ளேயிருந்து மீனாட்சி, "ஏங்க, துண்டு காயப்போட நம்ம வீட்ல கொடி இல்லியா?" என்றாள். முறத்தை விட்டேன். அது பம்பரமாகச் சுற்றிக்கொண்டு வந்து, கீழே நம் கடை போர்டில் என் பெயர்மேலேயே மோதியது. காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து விட்டேன். அது மேலே ஏறி, என் தலையைத் தாண்டிக் கொல்லைப்புறம் போய்விட்டது. செருப்பையும் விட்டேன் அண்ணாச்சி. ஒற்றைச் செருப்பு. சாக்கடைதான்.

எதிர்க்கடை பீர் முஹம்மது தையல் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தான்.

"இன்னா நைனா, மாடில நின்னுக்கினு இன்னா பண்ணிக்கினு கீறே? ஊட்ல சண்டையா?"

"இல்ல பாய். பரிசோதனை."

"பண்ணு, பண்ணு. அடுத்தது இன்னா வருதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போடு. பீரோன்னா நான் மிஷின உள்ள இழுத்துக்கிறேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. உங்கள்மேல் பாதி, நார்த்தங்காய்மேல் பாதி. புதிதாக உப்பு அடைத்த காய் கனம். வெயிலில் காய்ந்து சுருங்கிய காய் லேசு. லேசான காய் மெதுவாக விழும், அதற்குள் காற்று எப்படியாவது கம்பத்தடிக்குக் கொண்டுபோகட்டும் என்று இரண்டையும் இரண்டு கையில் பிடித்து ஒன்றாக விட்டேன். இரண்டும் ஒன்றாக, ஒரே 'தொப்'. மறுபடியும் விட்டேன். மறுபடியும் ஒரே 'தொப்'.

அதுவரை மாடிப்படிக் கதவில் சாய்ந்து புஸ்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்த வடிவு எழுந்து வந்தாள். ஒரு வாரமாக என்னோடு சரியாகப் பேசாத பெண்.

"அப்பா, அது அப்படித்தான் விழும். கனமானது முன்னாடி விழும்னு யாரு சொன்னா?"

"நான்தான். சம்பந்திக்கு எழுதிக்கூடப் போட்டுட்டேன்."

தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு தன் தடிப் புஸ்தகத்தையும் காலண்டர் தாளில் கிழித்த ஒரு துண்டையும் இடுப்பு உயரத்திலிருந்து ஒன்றாக விட்டாள். புஸ்தகம் பட்டென்று விழுந்தது, தாள் ஆடிக்கொண்டு வந்தது. "பாத்தியா, நான் சொன்னது" என்றேன். அதே தாளைப் புஸ்தகத்தின் மேலே வைத்துக் கீழே விட்டாள். இரண்டும் சேர்ந்தே தரைக்கு வந்தன. தாளுக்கு அந்த ஒரு விநாடியில் கனம் கூடிவிட்டதா என்ன!

"பூமி எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் இழுத்துக்கிட்டுப் போகுது அப்பா. காத்துதான் குறுக்கே நிக்குது. கனமான புஸ்தகம் காத்தை விலக்கிக்கிட்டுப் போயிடும். தாளால தனியா முடியாது. புஸ்தகம் முன்னால போய் வழி விட்டா, தாளும் கூடவே வந்துடும்."

இது எனக்கு உடனே விளங்கியது. அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்தில் மீனாட்சிக்குப் பின்னால் நான் போவது இப்படித்தான்.

நீங்கள் கேட்ட வேகத்தைப் பற்றியும் கேட்டேன். சும்மா விட்டாலும் அந்த வேகம் வருமாம். விழ விழ வேகம் ஏறிக்கொண்டே போகுமாம். முழங்கால் உயரத்திலிருந்து விட்டால் உருண்டு ஓடுகிற காய், மாடியிலிருந்து விட்டால் பிளந்துபோகிறது, நேற்று நானே பார்த்தேன். அப்படியானால் மேகத்திலிருந்து வருகிற மழைத்துளி நம் மண்டையை ஏன் உடைக்கவில்லை என்று மடக்கினேன். வேகம் ஏற ஏறக் காற்றும் அதிகமாக எதிர்த்து நிற்குமாம், சின்னத் துளி அதற்குமேல் வேகம் எடுக்க முடியாமல் அப்படியே வருமாம். பெண் படித்திருக்கிறாள் அண்ணாச்சி. எனக்குப் பெருமையாக இருந்தது. கையில் ஒற்றைச் செருப்போடு நின்று பெருமைப்பட்டேன்.

ஆகையால் என் போன கடுதாசியில் உள்ள விஞ்ஞானத்தைத் தயவுசெய்து அடித்துவிடவும். வேகத்தைப் பற்றி உங்கள் கடுதாசியில் உள்ளதையும் அடித்துவிடவும். கம்பத்தடிக்கு இதுவரை ஒரு காயும் வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். காற்று ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. நாளையும் பார்ப்பேன். ஆனால் என் மகளைக் கூப்பிட்டு, 'போய்க் காலில் விழு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வரவும் வராது. அதையும் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

கருணாகரன்


தியாகராய நகர்
11-9-1946

கருணாகரனுக்கு,

உம் வாயாலேயே வந்துவிட்டது. நான் கோர்ட்டுக்குப் போயிருந்தால்கூட இவ்வளவு நல்ல சாட்சி கிடைத்திருக்காது. விட்டால் சுவரடியில் விழுகிறது, லேசானது வீட்டுக்கே திரும்புகிறது, தெருவுக்கு எதுவும் வரவில்லை. எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர். அப்படியானால் என் தலைக்கு அது எப்படி வந்தது? மாடியில் இருந்தது யார்? முறத்தை எடுக்கப் போனவள் என்று உம் முதல் கடுதாசியிலேயே எழுதிவிட்டீர்.

அப்பனுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிற பெண்ணாம். பெருமையாம்! பெரியவர் தலையில் உப்புக் காயை எறிவதற்குத்தான் அந்தக் காலேஜில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தங்கம் சொல்லுகிறாள். ஜவுளிக்கடைக்காரர்கள் இரண்டு பேரிடம் விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. அவர்கள் இன்னும் இருபது பேரிடம் சொல்லியிருப்பார்கள்.

வருகிற ஞாயிறு கடைசி. ராகுகாலத்துக்கு முன் வந்து சேர வேண்டும். உம் பெண், உம் சம்சாரம், இரண்டு பேர் மட்டும். நீர் வாசலில் நிற்கலாம்.

வெ. ச.


மயிலாப்பூர்
13-9-1946

திரு. சண்முகசுந்தரம் அவர்களுக்கு,

நீர் ஜெயித்துவிட்டீர். அது விழுந்த காய் இல்லை. எறிந்த காய்தான். என் மகள் எறிந்தாள்.

இதுவரை 'நீங்கள்' என்று எழுதினேன். இனி 'நீர்'. ஏன் என்று கடைசி வரை படித்தால் தெரியும். படிக்காமல் கிழிக்க வேண்டாம்.

நேற்றுச் சாயங்காலம் உம் கடுதாசி வந்ததும் மாடிக்குப் போனேன். முறத்தை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தாள். காய் எதையும் போடவில்லை, கேள்வி மட்டும் போட்டேன்.

"வடிவு, காயை விட்டா சுவரடிக்குப் போகுது. துண்டை விட்டா வீட்டுக்கே வருது. விளக்குக் கம்பத்தடிக்குப் போக என்ன வழி?"

காற்று என்றோ காக்கா என்றோ அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் நம்பியிருப்பேன். பொய்க் கணக்குச் சொல்ல அவளால் முடியவில்லை.

"நேரா கீழ விழணும்னா பூமி போதும்ப்பா. எட்டிப் போய் விழணும்னா ஒரு கை வேணும்."

"யாரு கை?"

வலது கையை நீட்டிக் காட்டினாள். நீரும் உம் சம்சாரமும் வரப்போகிறீர்கள் என்று மீனாட்சி வைத்துவிட்ட மருதாணி அந்தக் கையில் இன்னும் சிவப்பாக இருந்தது.

என் கையும் ஓங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து அவளை நான் அடித்ததில்லை. ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஏட்டி, பெத்த அப்பன் நாலஞ்சு நாளா செருப்பையும் முறத்தையும் போட்டுத் தெரு சிரிக்க நின்னேன், பாத்துக்கிட்டு இருந்தியே! ஏன் எறிஞ்ச?" என்று கத்தினேன். அப்போது சொன்னாள்.

ராகுகாலத்துக்குப் பயந்து கார் வருவதற்குள் தெருவில் இறங்கி நின்றீரே, அந்த நேரத்தில் உம் சம்சாரத்திடம் பேசினீர். பேச்சு மேலே கேட்கும் என்று உமக்குத் தோன்றவில்லை. "படிப்பாவது கிடிப்பாவது! தாலி ஏறட்டும், மறுநாளே புஸ்தகத்தையெல்லாம் பொட்டலம் மடிக்கக் கடைக்கு அனுப்பிருவோம். கருணாகரனா? அவன் ஒரு கோட்டிக்காரப் பய, என்ன சொன்னாலும் நம்புவான்." உம் சம்சாரம் சிரித்தாள். நீரும் சிரித்தீர். சிரித்து முடிப்பதற்குள் காய் வந்துவிட்டது.

பெண் பேச்சை மட்டும் நம்பி எழுதவில்லை. எதிரே போய்ப் பீர் முஹம்மதைக் கேட்டேன். ஊசியில் நூல் கோப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமா நைனா. அந்தப் பெரியவரு அப்டித்தான் சொன்னாரு. உங்கிட்ட எப்டி சொல்றதுன்னுதான் வாய மூடிக்கினு கீறேன். அவரு உன்ன கோட்டிக்காரன்னு சொல்லி வாய மூடல, மேலேந்து காய் வந்துச்சு பாரு... என்னால சிரிப்ப அடக்க முடியல. தப்பா நெனச்சிக்காத."

தப்பாக நினைக்கவில்லை. அவன் எதற்குச் சிரித்தான் என்பது இப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு நான் அவனை முறைத்துவிட்டு, உம் தலையைத் துடைத்தேன்.

கோட்டிக்காரன் என்றீர். ஆட்சேபணை இல்லை. மாடியிலிருந்து ஒற்றைச் செருப்பைப் போட்டுவிட்டு அது தெருவைத் தாண்டுமா என்று எட்டிப் பார்த்தவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? ஆனால் நான் நம்பினது காற்றையும் காக்காயையும் மட்டும் இல்லை ஓய். உம் வார்த்தையை நம்பினேன். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என் வீட்டு வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு நீர் சொன்ன வார்த்தை. அந்த வெற்றிலையை மென்று முடிப்பதற்குள், விளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு அதைத் துப்பிவிட்டீர். ராகுகாலத்துக்குப் பயப்படத் தெரிகிறது. வாக்குக்குப் பயப்படத் தெரியவில்லை. நல்ல நேரம் பார்த்துப் பொய் சொன்ன மனுஷன் காலில் என் பெண் விழ வேண்டுமாம்!

விழ மாட்டாள். நான் சொல்லவும் மாட்டேன். அவளாக வருகிறேன் என்றாலும் கதவைப் பூட்டுவேன்.

எறிந்தது தப்பு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உம் கண் எரிந்ததற்கும் கண்ணாடி போனதற்கும் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இரவெல்லாம் திட்டினேன் அவளை. "புஸ்தகத்தைச் சொன்னப்பகூட பல்லைக் கடிச்சிக்கிட்டு நின்னேம்ப்பா. உங்களைச் சொன்னதும் கை தானா போயிடுச்சு" என்றாள். அதற்குமேல் எனக்குத் திட்ட வரவில்லை.

இருபது பேரிடம் சொன்னது போதாது, நாற்பது பேரிடம் சொல்லும். ஆனால் முழுசாகச் சொல்லும். காய் வந்ததைச் சொல்லுகிற வாய், காய் வருமுன் என்ன பேசியது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். நீர் விட்டுவிட்டால் நான் சொல்லுவேன். என் கடையிலும் வரிசை நிற்கிறது.

தாம்பாளம் இந்தக் கடுதாசியோடு வருகிறது. புடவை மடிப்புக் கலையவில்லை. தேங்காயும் பழமும் புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். கூட ஒரு ஜாடி இருக்கும். அந்த முறத்துக் காய்கள் நல்ல வெயிலில் பதமாகக் காய்ந்துவிட்டன. மீனாட்சி கொடுத்தனுப்புகிறாள். தயிர்சாதத்துக்கு ரொம்ப நன்றாக இருக்கும். இந்தத் தடவை வாயில் போட்டுக்கொள்ளலாம்.

கருணாகரன்


தியாகராய நகர்
16-9-1946

கருணாகரனுக்கு,

தாம்பாளம் வந்தது. சம்பந்தம் முறிந்தது. சந்தோஷம்.

நான் என் சம்சாரத்திடம் பேசினது புருஷன் பெண்டாட்டிப் பேச்சு. அதை ஒட்டுக்கேட்டது உம் மகளின் தப்பு. மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் பேசுவதுதான், எல்லாரும் செய்வதுதான். பெண்ணைக் கொடுக்கும் முன் அந்த வாக்கு இந்த வாக்கு என்று கேட்கிறவனிடம் வேறு என்ன சொல்ல முடியும்? நான் ஒன்றும் உலகத்தில் இல்லாததைச் செய்துவிடவில்லை.

நெல்லையப்பன் இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கும் நீர்தான் காரணம்.

உம் மகள் குறி பார்த்து என் மண்டையில் அடித்தாள் என்று ஊர் முழுக்கச் சொல்லத்தான் போகிறேன். உம் ஜாடியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இனிமேல் எனக்குக் கடுதாசி போட வேண்டாம்.

வெ. சண்முகசுந்தரம்


மயிலாப்பூர்
18-9-1946

திரு. சண்முகசுந்தரம் அவர்களுக்கு,

கடுதாசி போட வேண்டாம் என்று எழுதியிருந்தீர். ஒரு திருத்தத்துக்காக இதை எழுதுகிறேன். இதற்குமேல் தொந்தரவு இல்லை.

ஜாடி பத்திரமாக வந்தது. அடியில் மூன்று காய் இருக்கின்றன. கழுத்து வரை நிரப்பி அனுப்பினதாக மீனாட்சி சொல்லுகிறாள். இதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

திருத்தம் இது. 'குறி பார்த்து மண்டையில் அடித்தாள்' என்ற உம் வரியை வடிவிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. குறி உம் மண்டை இல்லையாம். உமக்குப் பின்னால் இருந்த விளக்குக் கம்பமாம். தலைக்கு மேலே இரும்பில் 'டங்'கென்று பட்டால், மேலே ஆள் இருக்கிறது என்று பேச்சை நிறுத்துவீர் என்றுதான் எறிந்தாளாம். தூரம், உயரம் எல்லாம் மனசுக்குள் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். எதிரே அடித்த கடல்காற்று காயைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும் என்பதைச் சேர்க்க மறந்துவிட்டாள். ஒரு அடி குறைந்து, நடுவில் இருந்த உம் தலையில் விழுந்தது. காகிதத்தில் போட்டும் காட்டினாள். எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. கோட்டிக்காரன் அல்லவா, நம்பிவிட்டேன்.

ஆகையால் ஊரில் சொல்லும்போது இப்படிச் சொல்லவும். படிப்பு பாதியில் இருந்ததால் வந்த தவறு. மார்ச்சில் முடித்துவிடுவாள்.

கருணாகரன்